நீண்டதூர ட்ரையத்லன்: பயிற்சியின் பெரும்பகுதி ஏன் மெதுவாக இருக்க வேண்டும்?

நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டியே ட்ரையத்லன். அதன் நீண்டதூர வடிவத்தைப் பற்றி வன்னியில் பேச்செழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்து விழுகின்றன. அசாதாரணமான உடற்பலம் படைத்தவர்களால் மட்டுமே அதைச் செய்ய முடியும் என்பது ஒன்று. மூச்சு முட்டி, கால்கள் சோர்ந்து விழும்வரை தினமும் உடலை வருத்தினால்தான் அதற்குத் தயாராகலாம் என்பது மற்றொன்று. முதலாவது கருத்து பலரை முயலாமலேயே விலகச் செய்கிறது. இரண்டாவது, முயல்கிறவர்களைச் சில மாதங்களுக்குள் காயத்துடனோ சலிப்புடனோ வீட்டில் இருத்திவிடுகிறது. இரண்டிலும் அதிகக் கெடுதல் செய்வது இரண்டாவதுதான் என்று நான் கருதுகிறேன். கடின உழைப்பை மதிக்கும் நமது ஊர்களில் அது நல்லறிவாகவே காதில் விழுகிறது.

வயல், பாடசாலை, அலுவலகம் என்று ஏதோ ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, குடும்பப் பொறுப்புகளுக்கிடையில் இந்தப் போட்டியில் இறங்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளக்க வருவது ஒன்றேதான்: நீண்டதூர ட்ரையத்லன் என்பது உடலிலுள்ள எரிபொருளை நாள் முழுவதற்கும் பங்கிட்டுச் செலவிடும் போட்டி. பயிற்சியும் உணவும் போட்டியன்று செல்லும் வேகமும் இந்த ஒரு உண்மையிலிருந்தே தீர்மானிக்கப்படுகின்றன.

தூரமும் நேரமும்

2000ஆம் ஆண்டு சிட்னியில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ட்ரையத்லனில் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 10 கிலோமீற்றர் ஓட்டம் இருந்தன. நீண்டதூர வடிவம் இதைவிடப் பலமடங்கு பெரியது: 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதியால் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால் 180இன் பருமன் விளங்கும். இதன் சரிபாதித் தூரங்களைக் கொண்ட அரைத்தூரப் போட்டியும் உண்டு. 2018இல் கொழும்பில், காலிமுகத்திடலை மையமாகக் கொண்டு, உலகெங்கும் நீண்டதூர ட்ரையத்லன்களை நடத்தும் அயன்மேன் அமைப்பின் அப்படியொரு அரைத்தூரப் போட்டி நடைபெற்றது. புதியவர்கள் தொடங்க வேண்டியது ஒலிம்பிக் தூரத்திலோ அரைத்தூரத்திலோதான்.

முழுத்தூரப் போட்டி 1978 பெப்ரவரியில் ஹவாயின் ஒவாகு தீவில் பிறந்தது. அங்கு ஏற்கனவே இருந்த ஒரு கடல் நீச்சற் போட்டி, தீவைச் சுற்றிவரும் சைக்கிளோட்டம், ஹொனலுலு மரதன் ஆகியவற்றின் தூரங்களை ஒரே நாளுக்குள் அடுக்கினார்கள். தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர், வென்றவருக்கு 11 மணி 46 நிமிடங்கள் எடுத்தன. இன்று அயன்மேன் முழுத்தூரப் போட்டிகளில் வழக்கமான கால எல்லை 17 மணித்தியாலங்கள்.

இந்த 17 மணித்தியாலத்தைப் பிரித்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடங்களும் சைக்கிளுக்கு 8 மணித்தியாலங்களும் எடுத்துக்கொண்டாலும், இடையில் உடுப்பும் சப்பாத்தும் மாற்றும் நேரம் போக, மரதனுக்கு 6 மணித்தியாலங்களுக்கு மேல் எஞ்சும். அதாவது சைக்கிளில் மணிக்கு 22.5 கிலோமீற்றர், ஓட்டத்தில் மணிக்கு 7 கிலோமீற்றர். இரண்டாவது வேகம் விரைந்த நடைக்குச் சற்றே மேற்பட்டது. தனித்தனியாக எடுத்தால் இவற்றில் எதுவும் அசாதாரணமான வேகமல்ல. அசாதாரணமானது அந்த வேகத்தை நாள் முழுவதும் விடாமல் வைத்திருப்பது.

ஆகவே இதுவரை பார்த்ததன் சாரம்: முதன்முறை பங்குபற்றுபவரின் பிரச்சினை வேகமில்லாமை அல்ல, தொடர்ந்து செல்வதற்கான எரிபொருள் இல்லாமற் போவதே.

கிணறும் குளமும்

குளத்து வாய்க்கால் தண்ணீரும் சொந்தக் கிணறும் உள்ள ஒரு வயற்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் ஏராளம்; ஆனால் தண்ணீரை வெளியே விடும் துருசு சிறியது, வாய்க்கால் ஒடுங்கியது, எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தரும் அளவுக்குமேல் தராது. கிணற்றில் இயந்திரத்தைப் பூட்டி இறைத்தால் தண்ணீர் பாய்ந்து வரும். ஆனால் சில மணித்தியாலங்களில் கிணறு வற்றிவிடும், ஊறுவதற்கு நேரமெடுக்கும். பயிருக்கு மெதுவாகத் தண்ணீர் போதுமென்றால் குளமே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் அதிகம் தேவைப்பட்டால் கிணற்றை இறைத்தேயாக வேண்டும். கிணறு வற்றிய பின்னர், பயிர் எவ்வளவு வாடினாலும், வாய்க்காலில் வருவது மட்டுமே மிச்சம்.

உடலில் கிணற்றின் இடத்தில் இருப்பது கிளைக்கோஜன். சோறு, பாண், பழம் முதலியவற்றிலுள்ள மாப்பொருளையும் சீனியையும் உடல் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கும் வடிவமே அது. நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஒருவரிடம் ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரி அளவே அது இருக்கும். குளத்தின் இடத்தில் இருப்பது கொழுப்பு. மெலிந்த ஒருவரிடம்கூடப் பல பத்தாயிரம் கிலோகலோரி அளவு கொழுப்பு இருக்கும். முழுத்தூரப் போட்டிக்குத் தேவைப்படுவதோ, உடல் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப, 8,000 முதல் 10,000 கிலோகலோரி வரை. கிணற்றை மட்டும் நம்பினால் பாதிவழி கூடப் போக முடியாது என்பதற்கு வேறு கணக்குத் தேவையில்லை.

தசை இரண்டையும் எப்போதும் கலந்தே எரிக்கிறது. கலவையின் விகிதம்தான் வேகத்துடன் மாறுகிறது. மெதுவாகச் செல்லும்போது கொழுப்பின் பங்கு அதிகம், வேகம் கூடக்கூடக் கிளைக்கோஜனின் பங்கு ஏறுகிறது. மரதன் ஓட்டக்காரர்கள் 30 கிலோமீற்றர் கடந்த பின்னர் திடீரெனக் கால்கள் கல்லாகிவிட்டதாகக் கூறுவது பெரும்பாலும் கிளைக்கோஜன் தீர்ந்ததன் விளைவு. அந்த நேரத்தில் மனவுறுதி குறைந்துவிட்டதென்று தம்மையே நொந்துகொள்பவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். குறைந்தது மனவுறுதி அல்ல, தசையிலிருந்த எரிபொருள்.

துருசைப் பெரிதாக்கும் பயிற்சி

குளத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை. துருசைப் பெரிதாக்க வேண்டும், அதாவது உடல் கொழுப்பை எரிக்கும் வேகத்தைக் கூட்ட வேண்டும். நீண்டதூரப் பயிற்சியின் முதன்மை நோக்கம் இதுதான்.

கொழுப்பை எரிக்க ஒட்சிசன் கட்டாயம் வேண்டும். ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தியைப் பெறுவதைக் காற்றுச் சுவாசம் என்று பாடசாலையில் படித்திருப்போம். அது நடைபெறும் இடம் தசைக் கலங்களுக்குள் இருக்கும் இழைமணி என்னும் நுண்ணிய உறுப்பு. வாரக்கணக்காக, மாதக்கணக்காக நீண்ட நேரம் இலகுவான வேகத்தில் உடலை இயக்கும்போது மூன்று மாற்றங்கள் மெல்ல நிகழ்கின்றன. தசைகளில் இழைமணிகள் பெருகுகின்றன. தசைநார்களைச் சுற்றியுள்ள மயிரிழை போன்ற குருதிக்குழாய்கள் அதிகரிக்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது. விளைவாக, முன்பு கிணற்றை இறைத்தே ஓட வேண்டியிருந்த அதே வேகத்தில் இப்போது பெருமளவு குளத்து நீரைக் கொண்டே ஓட முடிகிறது.

வேகமான பயிற்சியும் இந்த மாற்றங்களைத் தூண்டுகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் வேகமான பயிற்சியின் சோர்வு அதிகம், அதிலிருந்து மீள எடுக்கும் நாட்களும் அதிகம். ஆகவே ஒரு வாரத்தில் செய்யக்கூடிய மொத்தப் பயிற்சி நேரம் குறைந்துபோகிறது. இலகுவான பயிற்சியை இன்று செய்து நாளையும் செய்யலாம். பயிற்சி நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கை இலகுவாகவும் எஞ்சியதை உண்மையிலேயே கடினமாகவும் வைத்துக்கொள்வதை அனுபவமுள்ள பயிற்றுநர்கள் பலர் விரும்புவது இதனாலேயே.

இலகுவான வேகம் எது என்பதில்தான் அநேகர் தவறுகிறார்கள். அதற்கு மேல் ஓர் எல்லை இருக்கிறது. தசையில் உருவாகும் லக்ரேற் என்னும் பொருளை உடல் உடனுக்குடன் பயன்படுத்தித் தீர்க்க முடியாமல், அது குருதியில் சேரத் தொடங்கும் வேகத்தை எல்லைவேகம் எனலாம். இங்கே ஒரு பரவலான தவறையும் திருத்த வேண்டும்: மறுநாள் கால் வலிப்பதற்கு லக்ரிக் அமிலம் தேங்கி நிற்பதே காரணம் என்று விளையாட்டுத் திடல்களில் இன்னும் சொல்லப்படுகிறது. லக்ரேற் ஓய்வெடுத்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் குருதியிலிருந்து நீங்கிவிடும். அதுவும் ஓர் எரிபொருளே. மறுநாள் வலி, பழக்கமில்லாத உழைப்பால் தசைநார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சேதத்திலிருந்து வருகிறது.

இலகுவான வேகத்தை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கூட ஓடுபவருடன் பேசினால் போதும். இரணைமடுக் குளக்கட்டில் காலையில் இரண்டு நண்பர்கள் ஓடி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நேற்றைய கமக்காரர் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வருகிறார். “தண்ணி திறக்கிற திகதியை அடுத்த கிழமைதான் சொல்லுவினமாம்” என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார் என்றால் அவர் சரியான வேகத்தில் ஓடுகிறார். “தண்ணி திறக்கிற” என்று நிறுத்தி, மூச்செடுத்து, “திகதியை” என்று தொடர்ந்தால், அவர் ஏற்கனவே கிணற்றை இறைக்கத் தொடங்கிவிட்டார். இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரம் இருப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உச்சத் துடிப்பாகக் கொள்வதுண்டு. அது சராசரிக் கணிப்பு மட்டுமே. ஒருவருக்குப் பத்துத் துடிப்புகளுக்கு மேலும் பிசகக்கூடும். கடிகாரமும் பேச்சும் முரண்பட்டால் பேச்சையே நம்புங்கள்.

சுருக்கமாக: இலகுவான நாட்களை இலகுவாகவே விட வேண்டும். மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல், ஒவ்வொரு நாளும் ஓரளவு மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடுவது களைப்பைச் சேர்க்கும், துருசை அந்தளவுக்குப் பெரிதாக்காது.

வழியில் சாப்பிடுவது

கொழுப்பை எரிக்கும் திறன் எவ்வளவு வளர்ந்தாலும் போட்டியில் கிளைக்கோஜனும் செலவாகும். ஆகவே போகும்போதே கிணற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு: குடல் குளுக்கோசை மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் அளவில்தான் உறிஞ்சும். பழங்களில் இருக்கும் பிரக்ரோசு என்ற சீனி வகைக்குக் குடலில் தனி வழி இருப்பதால், இரண்டையும் கலந்து எடுத்தால் மணிக்கு 90 கிராம் வரை ஏற்கச் செய்யலாம். வெளிநாட்டுப் போட்டியாளர்கள் பொதிகளில் வரும் பசை போன்ற உணவுகளை இதற்காகவே எடுத்துச் செல்கிறார்கள். சாதாரணச் சீனியும் பனங்கட்டியும் பெரும்பகுதி சுக்குரோசு. சுக்குரோசு என்பது பாதி குளுக்கோசு, பாதி பிரக்ரோசு. எனவே நமது பனங்கட்டியும் கதலி வாழைப்பழமும் சீனி கரைத்த தேசிக்காய்த் தண்ணீரும் பயிற்சிக்கு முற்றிலும் தகுதியானவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 20 முதல் 25 கிராம் வரை மாப்பொருளும் சீனியும் உண்டு.

ஆனால் குடலும் பழக்கப்பட வேண்டிய உறுப்பு. பயிற்சியில் வெறும் தண்ணீரோடு ஓடிவிட்டு, போட்டியன்று மட்டும் மணிக்கு 60 கிராம் விழுங்கினால் வயிறு பொருமி வாந்தி வரும். நீண்ட சைக்கிள் பயிற்சிகளில் முதலில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கூட்டிச் செல்வதே வழி. பசி எடுத்த பின் சாப்பிடலாம் என்று காத்திருப்பது பிழை. சைக்கிளில் ஏறிய முதல் 20 நிமிடத்திலேயே தொடங்கி, சிறு சிறு அளவாகத் தொடர வேண்டும்.

வெப்பமும் வியர்வையும் உப்பும்

வன்னி வெயிலில் பயிற்சி செய்பவர்களுக்கு இந்தப் பகுதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. வெப்பத்தில் இதயம் இரண்டு வேலை செய்கிறது: தசைகளுக்குக் குருதியை அனுப்புகிறது, உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்புகிறது. அதனால் ஒரே வேகத்தில் சென்றாலும் நேரம் போகப்போகத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது வேகத்தைக் குறைப்பது பலவீனமல்ல, அந்த நாளுக்குரிய சரியான வேகமே அதுதான். தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் அளவோடு பயிற்சி செய்தால் குருதியின் திரவப் பகுதி கூடும், வியர்வை முன்கூட்டியே சுரக்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். குளிர் நாடுகளிலிருந்து வெப்ப நாட்டுப் போட்டிக்கு வருபவர்கள் பாடுபட்டுப் பெறும் இந்தத் தகவமைப்பு, வெளியில் பயிற்சி செய்யும் நமக்கு இயல்பாகவே கிடைக்கிறது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் காலைச் சவாரி முடித்து, கறுப்பு மேற்சட்டை உலர்ந்த பிறகு பாருங்கள். முதுகிலும் நெஞ்சுப் பகுதியிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் மணல்போல உதிரும். அது வியர்வையோடு வந்த உப்பு. சிலருக்கு அது மெல்லிய கோடு, சிலருக்குச் சட்டை முழுவதும். ஒரு லீற்றர் வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்காள் பெரிதும் வேறுபடும். 400 மில்லிகிராம் முதல் 1,000 மில்லிகிராமுக்கு மேலும் போகலாம்.

எவ்வளவு வியர்க்கிறது என்பதை வீட்டுத் தராசிலேயே அறியலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும், ஈரத்தைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் நிறுத்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் 1 கிலோ குறைந்து, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால், வியர்த்தது ஒன்றரை லீற்றர். அத்தனையையும் உடனே ஈடுசெய்ய வேண்டியதில்லை. எடை இழப்பு உடல் எடையின் 2 சதவீதத்துக்கு அதிகம் மேற்செல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பயிற்சிக்குப் பின் எடை கூடியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. உப்பில்லாத தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் குருதியில் சோடியத்தின் செறிவு குறைந்து, தலைவலி, குழப்பம், வலிப்பு எனச் சென்று உயிராபத்தே நேரலாம். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லதுதான் என்ற நம்பிக்கை இந்த விளையாட்டில் உண்மையிலேயே ஆபத்தானது.

இளநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நல்ல பானம், ஆனால் அதில் அதிகமாக இருப்பது பொற்றாசியம். வியர்வையில் அதிகம் போவது சோடியம். நீண்ட நேரப் பயிற்சிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஒரு லீற்றர் சீனித் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் 500 முதல் 600 மில்லிகிராம் வரை சோடியம் கிடைக்கும். மருந்தகத்தில் வாங்கும் ஜீவனி என்னும் நீரிழப்புக் கரைசலில் உப்பு போதிய அளவு உண்டு, சீனி குறைவு. ஆகவே அதைக் குடிப்பவர் எரிபொருளை வேறாக எடுக்க வேண்டும்.

சிறுநீரக நோய் கவலைக்குரியதாக உள்ள வவுனியா போன்ற பகுதிகளில் வாழ்பவர்கள் நீண்டதூரப் பயிற்சியைத் தொடங்குமுன் குருதிப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். ஐபுபுறூபன் போன்ற வலிநிவாரணிகளைப் போட்டியிலோ நீண்ட பயிற்சியிலோ விழுங்கவே கூடாது. உடல் நீரிழந்திருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். கூட வருபவர் வெயிலில் தள்ளாடினாலோ முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாலோ அது சாதாரணக் களைப்பல்ல. அவரை நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்று துறைகளும் நமது நிலமும்

நீச்சலில் பலத்தைவிட நுட்பம் பெரிது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. உடல் கிடையாக இல்லாமல் கால்கள் தாழ்ந்திருந்தால், எவ்வளவு பலமாகக் கையை வீசினாலும் அந்தப் பலம் தண்ணீரைத் தள்ளுவதிலேயே போய்விடும். நீந்தத் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லித் திருத்திக்கொள்வதற்கு ஈடாக எதுவுமில்லை. வன்னிக் குளங்களில் முதலைகள் உண்டு என்பதால் ஊரவர்கள் வழமையாகக் குளிக்கும் இடங்களைத் தாண்டி நீந்தக் கூடாது. முல்லைத்தீவுக் கடலில் வாடைக் காலத்து அலைகளுக்குள் இறங்கவே கூடாது; அமைதியான மாதங்களிலும் கரையோடு ஒட்டி, ஒரு வள்ளம் துணைவர, நீந்துவதே பாதுகாப்பு.

சைக்கிளில் நமக்குள்ள வாய்ப்பு பெரிது. மேடில்லாத நீண்ட வீதிகளில் இடைவிடாமல் உழக்கிக்கொண்டே போகலாம். மேடுகளுக்குப் பதிலாக இருப்பது சோளகக் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், எதிர்க்காற்றில் அதே வேகத்தைப் பிடித்துவைக்க முயல்வது கிளைக்கோஜனை வீணாக்கும் மிக விரைவான வழி. வேகத்தை விட்டுக்கொடுத்து, உழக்கும் பலத்தை ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை சாராதவர்களின் நீண்டதூரப் போட்டிகளில் முன்னால் செல்பவரின் பின்னால் ஒட்டிச் சென்று காற்றிலிருந்து மறைவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே தனியாகக் காற்றை எதிர்கொள்ளப் பழக வேண்டும். விலையுயர்ந்த சைக்கிள் முதற் போட்டிக்குத் தேவையில்லை. உடலுக்குப் பொருந்தும் உயரத்தில் இருக்கை, நல்ல பிறேக், தலைக்கவசம், வழியில் ரியூப் மாற்றத் தெரிந்திருத்தல் ஆகியவை போதும். காட்டு வீதிகளில் விடியுமுன் புறப்பட வேண்டாம். இருளில் யானை நிற்பது பத்தடி தூரத்தில்தான் தெரியும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் வீதியை விட்டு ஓர் அடியும் விலக வேண்டாம்.

ஓட்டத்தில் காயங்கள் அதிகம் வருகின்றன. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் முன்னேறிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிபெற மாதங்கள் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் முழங்காலும் குதிகாலும் வலிக்கத் தொடங்குகின்றன. ஆகவே ஓட்டத் தூரத்தை மூன்றிலும் மெதுவாகக் கூட்டுங்கள். மாதத்தில் சில தடவை சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே 15 அல்லது 20 நிமிடம் ஓடிப் பாருங்கள். அந்த முதல் நிமிடங்களில் கால்கள் அந்நியமாக இருப்பது எல்லோருக்கும் நேர்வது, பழகப்பழகக் குறைவது.

வேலை செய்யும் ஒருவருக்கு அரைத்தூரப் போட்டிக்கு வாரத்தில் எட்டு மணித்தியாலமளவு போதும். இரண்டு நீச்சல், ஒரு நீண்ட சைக்கிள், ஒரு குறுகிய சைக்கிள், ஒரு நீண்ட ஓட்டம், ஓரிரு சிறிய ஓட்டங்கள் என்று அது அமையலாம். மூன்று கிழமைகள் கூட்டிச் சென்றால் நான்காவது கிழமையைக் குறைத்துவிடுங்கள். உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போதல்ல, அதற்குப் பின்வரும் ஓய்விலும் உறக்கத்திலும்தான். அறுவடைக் காலத்தில் வயலில் நின்ற நாளைப் பயிற்சி நாளாகவே கணக்கிட வேண்டும். உடலுக்கு அந்த இரண்டு களைப்பும் ஒன்றுதான்.

போட்டியன்று

கடைசி இரண்டு கிழமைகளில் பயிற்சி அளவைப் பாதியாகக் குறைத்து, கடைசி இரண்டு நாட்களில் சோறும் பழமும் சற்றுக் கூடுதலாகச் சாப்பிட்டால் கிணறு நிரம்பியிருக்கும். நிரம்பிய கிணறும் ஓய்ந்த கால்களும் தொடக்கத்தில் பொய்யான தெம்பைத் தரும். சைக்கிளின் முதல் ஒரு மணித்தியாலத்தில் பலர் உங்களை முந்திச் செல்வார்கள், செல்ல விடுங்கள். அங்கே மிச்சம்பிடிக்கும் பத்து நிமிடத்துக்காகச் செலவிடும் கிளைக்கோஜன், ஓட்டத்தின் பிற்பகுதியில் ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிடக்கூடும். ஓட்டத்தில் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் நடந்து, நின்று குடிக்காமல் நடந்தபடியே குடித்து, தலையில் தண்ணீரை ஊற்றி, மேசை முடிந்ததும் மீண்டும் ஓடத் தொடங்குங்கள். இப்படி முன்கூட்டியே திட்டமிட்டு நடப்பவர் ஒவ்வோரிடத்திலும் இழப்பது அரை நிமிடமளவுதான், குடித்ததையும் சாப்பிட்டதையும் வயிறு ஏற்க அவகாசமும் கிடைக்கிறது.